கையும் காலும் உள்ளவரின் இயலாமை

பள்ளிமுனைக்குப் புதிதாக வருவோர் முதலிற் காண விரும்புவது அங்குள்ள பெருக்கமரத்தையே. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என்று சொல்லப்படும் அம்மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர் அளவே. வருவோர் அதனைச் சுற்றி நடக்கின்றனர், கைகோத்து அளந்து பார்க்கின்றனர், வியந்து செல்கின்றனர். அளக்கக்கூடிய ஒன்றைக் கண்டால் மனிதனுக்கு மகிழ்ச்சி பிறக்கிறது.

அம்மரத்திலிருந்து சில ஒழுங்கைகள் தள்ளியுள்ள ஒரு வீட்டில், எவராலும் அளக்கப்படாத உழைப்பு ஒன்று நாள்தோறும் நடைபெற்று வருகிறது. வகுப்பில் ஒரு மாணவி கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள் எனத் தொடர்ந்து வராதிருந்தமையே எம்மை அவ்வீட்டுக்கு இட்டுச் சென்றது. தந்தை கடற்றொழிலாளி. தாய்க்கு நாற்பது வயது இருக்கலாம், திடகாத்திரமானவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறார். ஆயினும் அவ்வீட்டில் மதியச் சோறு இறங்குவது பிற்பகல் மூன்று மணிக்கு. அரிசியை அவர் பதினொரு முறை களைகிறார். எண்ணிக்கையின் நடுவே யாராவது கூப்பிட்டுவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். மீன் வெட்டிய கத்தியைக் கழுவுகிறார். கத்தி பட்ட இடத்தைக் கழுவுகிறார். கழுவிய கையைக் கழுவுகிறார். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. நல்ல தண்ணீர் அரிதான ஒரு தீவில் நாளுக்கு எத்தனை வாளி செலவாகிறது என்பதை அவரே கூசிக் கூசிச் சொன்னார். "பிழையெண்டு தெரியும் சேர், விடேலாமக் கிடக்கு" என்றார். சமைக்கவும் தம்பியைக் கவனிக்கவும் மூத்த மகள் பாடசாலையை விட்டு நிற்கிறாள். தந்தை சில நாள்களிற் கடலுக்குப் போவதில்லை.

இக்குடும்பம் மாதாந்த உதவிக் கொடுப்பனவு ஒன்றுக்கு விண்ணப்பித்தது. விண்ணப்பத்தை ஏற்றவர் அத்தாயை மேலும் கீழும் பார்த்தாராம். "கையும் காலும் நல்லாத்தானே இருக்கு! வீட்டைத் துப்புரவா வச்சிருக்கிறதும் ஒரு நோயோ?" என்று கேட்டாராம். அந்த உத்தியோகத்தர் கொடியவர் அல்லர். ஊரார் கேட்பதையே அவரும் கேட்டார். ஆனால் அக்கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுச் சட்ட வரலாறு நிற்கிறது. அந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவ ஐயமும் லொயோலாவும்

எண்ணச் சுழற்சி நோய் என்று இன்று தமிழில் வழங்குவதும், ஆங்கில முதலெழுத்துகளால் ஓ.சி.டி. எனப்படுவதுமாகிய இந்நோயில் இரு கூறுகள் உண்டு. வேண்டாத ஓர் எண்ணம் மனத்துட் புகுந்து அகல மறுப்பது ஒன்று; அவ்வெண்ணம் தரும் அச்சத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது மற்றொன்று. கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல், எண்ணுதல், அடுக்குதல், மனத்துக்குள் செபித்தல் எனச் செயல்கள் பலவாகலாம். நோயாளியின் பகுத்தறிவு பெரும்பாலும் கெடுவதில்லை. தாம் செய்வது மிகை என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் நிறுத்த இயலாமையே நோய்.

இதனை நவநாகரிகத்தின் நோய் என்று எண்ணுவோர் உளர், அது தவறு. மன்னார்க் கரையோடு தொடர்புடைய சான்று ஒன்றையே காட்டலாம். 1544ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரால் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றொழித்த வரலாறு யாவரும் அறிந்தது. அந்தச் சவேரியாரின் தோழரும் யேசுசபையை நிறுவியவருமான இஞ்ஞாசியார் லொயோலா, 1522ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் தங்கியிருந்தபோது கொடிய பாவ ஐயத்தால் வருந்தினார். அறிக்கையிட்ட பாவத்தையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார். ஏதாவது விடுபட்டதோ என்ற ஐயம் தீரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு எழுந்தது. பின்னாளில் அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சி நூலில், சிலுவைபோற் கிடந்த இரு வைக்கோற்றுரும்புகளைத் தற்செயலாக மிதித்தவன் தான் பாவம் செய்துவிட்டேனோ என்று தவிப்பதை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். இன்றைய மனநோய் வைத்தியர் எவரும் இதனைப் படித்த அளவில் இனங்கண்டுகொள்வர்.

எமது சமுதாயத்தில் இந்நோய் மறைந்து வாழ்வதற்கு வேறொரு வசதியும் இருந்துவந்துள்ளது. தீட்டு, துடக்கு, மடி, ஆசாரம் என்று கழுவுதலுக்கு ஒரு தத்துவத்தையே வகுத்தது எமது சாதியமைப்பு. உயர்குடி இல்லத்து மூதாட்டி பத்துமுறை கைகழுவினால் அது ஆசாரம். கடற்றொழிலாளியின் மனைவி கழுவினால் அது சுத்தப் பைத்தியம். இவ்விரு பெயர்களுமே நோயை நோயென்று காணவிடாமல் மறைத்தன.

மருத்துவ உலகமும் இதனை மெல்ல மெல்லவே தெளிந்தது. 1838இல் பிரான்சிய வைத்தியர் எஸ்கிரோல் இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்தார். 1877இல் ஜெர்மானிய வைத்தியர் வெஸ்ற்பால், அறிவு சிதையாதபோதும் விருப்பத்துக்கு மாறாக நுழையும் எண்ணங்கள் என்று இதனைப் பித்துநோய்களிலிருந்து பிரித்துக் காட்டினார். நெடுங்காலம் தீராத நோயாகவே இது கருதப்பட்டது. 1966இல் இலண்டனில் விக்ரர் மேயர் என்னும் உளவியலாளர், அஞ்சுவதை அணுகச் செய்து, பின் கழுவாமலிருக்கப் பழக்கும் முறையால் நோயாளர் குணமடையக் கூடும் எனக் காட்டினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து குளோமிப்பிரமின் என்னும் மருந்தும், பின்னர் புளுஒக்சற்றின் போன்றவையும் பயன்பட்டு வருகின்றன. எனவே இது சிகிச்சைக்கு இணங்கும் நோய். ஆனால் சிகிச்சை பலனளிக்க மாதங்கள் செல்லும். சிலருக்கு முழுமையாக நீங்குவதுமில்லை. அதுவரை வீட்டில் உலை வைப்பது யார்? இங்கேதான் வைத்தியரின் பணி முடிந்து சமுதாயத்தின் பணி தொடங்குகிறது.

பித்தரைக் கண்ட சட்டம்

இலங்கையைப் பொறுத்தவரையில், ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கத்தில் மனநோயாளருக்கெனத் தனி இடம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த ஹெந்தலைத் தொழுநோய் வைத்தியசாலையிலேயே அவர்களும் அடைக்கப்பட்டனர். 1847இல் பொரளையில் பித்தர் காப்பகம் ஒன்று எழுந்தது. அது போதாமற்போகக் கறுவாத் தோட்டத்தில் மற்றொன்று. அதுவும் நிரம்பி வழிய 1926இல் அங்கொடை. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் ஒரு வசைச் சொல்லாகவே மாறிவிட்டது. அவ்வைத்தியசாலை 2008ஆம் ஆண்டு முதல் தேசிய மனநல நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. வசைச் சொல் மட்டும் பழையபடியே வழங்குகிறது.

இக்காப்பகங்களுக்கு அடிப்படையான சட்டம் 1873ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். ஒருவரை மாவட்ட நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, அவர் சித்த சுவாதீனம் அற்றவரா என்று விசாரித்து, ஆமெனில் அடைத்து வைக்க வழிசெய்வது அதன் சாரம். கடைசியாக அது திருத்தப்பெற்றது 1956இல். அதன்பின் நாடு இரண்டு குடியரசு யாப்புகளைக் கண்டது. இச்சட்டத்துக்குப் பதிலாகப் புதியதொன்று வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நெடுங்காலமாக இருந்துவருகிறது.

இச்சட்டம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மனிதனால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் உண்டா? குடியேற்ற அரசுக்குத் தெருவின் ஒழுங்கு முக்கியம். நோயாளியின் அடுப்பு முக்கியமன்று. தெருவிற் கூச்சலிடுபவனை அச்சட்டம் கண்டது. வீட்டுக்குள் ஓசையின்றிக் கைகழுவிக்கொண்டிருந்த பெண்ணை அது காணவில்லை. காண வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. அறிவு தெளிவாக இருந்தமையால் அவள் பித்தியல்லள். பித்தியல்லாதபடியால் நோயாளியும் அல்லள்.

உறுப்புகளுக்கு விலை

மற்றொரு பாதையில் வந்தது இயலாமை பற்றிய சட்டம். அது பிறந்த இடம் தொழிற்சாலை. இயந்திரங்கள் தொழிலாளரின் விரல்களையும் கைகளையும் பறித்தபோது, நீண்ட போராட்டங்களின் பயனாக, இழந்த உறுப்புக்கு நட்ட ஈடு வழங்கும் கடமை முதலாளிமார் மீது சுமத்தப்பட்டது. இந்தியாவில் 1923இலும், இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டங்களின் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு. கை போனால் இத்தனை வீதம், கால் போனால் இத்தனை வீதம், பெருவிரலுக்கு இவ்வளவு, சுட்டுவிரலுக்கு இவ்வளவு என்று உழைப்புச் சக்தியின் இழப்பு உறுப்புவாரியாகக் கணக்கிடப்பட்டிருக்கும்.

இது தொழிலாளி வர்க்கம் ஈட்டிய வெற்றி என்பதில் ஐயமில்லை. முன்னர் ஒன்றுமேயில்லாமல் தெருவில் விடப்பட்டவன், இப்போது ஒரு தொகையைச் சட்டப்படி கேட்கலானான். ஆயினும் அவ்வெற்றியினுள் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. இயலாமை என்றால் உறுப்பின் இழப்பு என்ற எண்ணம் அலுவலர் மனத்தில் மட்டுமன்றி மக்கள் மனத்திலும் வேரூன்றியது. அங்கவீனம் என்று நாம் வழங்கும் சொல்லே அதற்குச் சாட்சி. அங்கத்தின் குறையே அச்சொல்லின் பொருள். அங்கங்கள் யாவும் குறைவின்றி இருப்பவர் அச்சொல்லுக்குள் எவ்வாறு புகுவார்?

மேலும் அச்சட்டம் கூலிக்கு உழைப்பவனுக்கே உரியது. பங்குமுறையிற் கடலுக்குச் செல்லும் தொழிலாளிக்கும், கரையில் வலை தெரிந்து, மீன் பிரித்து, வீடு காக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. கடற்றொழிலாளருக்கென ஓய்வூதியச் சட்டம் ஒன்று 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கமாக நிறைவேறியது. தவணைப் பணம் கட்டி உறுப்பினரானவருக்கே அது பயன்படும். உலை வைப்பவளின் உழைப்பு அதிலும் உழைப்பாகக் கணக்கிடப்படவில்லை.

பிச்சைச் சம்பளம்

மூன்றாவது பாதை தருமத்தின் பாதை. 1939இல் இலங்கை அரசாங்க சபைக் காலத்தில் வறியோர் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1601இலும் 1834இலும் இங்கிலாந்தில் எழுந்த வறியோர் சட்டங்களின் வழிவந்த சிந்தனை அது. வறுமை ஒருவனின் விதி அல்லது குற்றம். உதவி என்பது கொடுப்போரின் கருணை. அக்கருணை தகுதியுள்ளோருக்கு மட்டும், மிகக் குறைவாக வழங்கப்பட வேண்டும் என்பன அதன் உள்ளுறை. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, சுதந்திரம் பெற்ற 1948இலேயே, சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. வறியவர்க்கும் வலது குறைந்தோர்க்கும் மாதாந்த உதவிப்பணம் கிடைக்கலாயிற்று.

அந்தப் பணத்துக்கு எமது மக்கள் இட்ட பெயர் பிச்சைச் சம்பளம். சிங்கள மக்களும் இதனைப் புண்ணியச் சம்பளம் என்ற பொருள்படவே அழைத்தனர். ஒன்று வாங்குபவனின் தாழ்வைச் சொல்கிறது. மற்றது கொடுப்பவனின் உயர்வைச் சொல்கிறது. இரண்டிலும் உரிமை என்ற சொல் இல்லை. உரிமையில்லாத இடத்தில் அளவுகோலும் இருப்பதில்லை. பிச்சையிடுபவன் கண்ணால் பார்த்தே இரங்குகிறான்; ஊனம் கண்ணுக்குத் தெரிந்தால் இரங்குவான், தெரியாவிட்டால் வையும் தருவான். பள்ளிமுனை மக்கள் தம் பாதுகாவலியாக வணங்கும் புனித லூசியாவைக் கண்ணோயாளர் வேண்டிக்கொள்வது வழக்கம். அலுவலக மேசைக்கு முன்னால் நிற்கும் எண்ணச் சுழற்சி நோயாளிக்கோ, எதிரில் இருப்பவரின் கண்ணுக்காகவே நேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பித்தரைக் கண்ட சட்டம், உறுப்பைக் கண்ட சட்டம், ஏழையைக் கண்ட சட்டம் ஆகிய இம்மூன்று பாதைகளும் கூடும் சந்தியில்தான் அந்த உத்தியோகத்தர் அமர்ந்திருந்தார். "கையும் காலும் நல்லாத்தானே இருக்கு" என்ற கேள்வியை அவர் தாமாக உருவாக்கவில்லை.

கடலுக்கு அப்பால்

இனி, அயலில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஓகஸ்ற் 6ஆம் நாள் விடியற்காலை, மனநோயாளரை அடைத்து வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்விடயத்தை விசாரணைக்கு எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிற் பிணிப்பதைத் தடைசெய்தது.

அந்நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டமே மனநோயை இயலாமை வகைகளுள் ஒன்றாக ஏற்றிருந்தது. எனினும் அதனை அளப்பது எவ்வாறு என்பது தெளிவாகவில்லை. இந்திய மனநோய் வைத்தியர் சங்கம் வகுத்த அளவுகோல் ஒன்றை 2002 பெப்ரவரியில் மத்திய அரசு வர்த்தமானியில் வெளியிட்டது. அவ்வளவுகோல் உறுப்பை எண்ணவில்லை. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிந்துகொள்ளுதலும், வேலை ஆகிய நான்கு துறைகளில் ஒருவருக்குள்ள இடர்ப்பாட்டைப் புள்ளியிட்டு, நோயின் கால அளவையும் சேர்த்துக் கணிக்கிறது. மனச்சிதைவு, இருதுருவ நோய், மூப்பு மறதி ஆகியவற்றோடு எண்ணச் சுழற்சி நோயும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றது. 40 வீதத்தை எட்டியவர் சான்றிதழ் பெறலாம். 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் இயலாமை வகைகளை 21 ஆக விரித்தபோதும் மனநோய் அதில் நிலைபெற்றது.

நிறைவான ஏற்பாடு என்று இதனைச் சொல்ல மாட்டோம். சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களின் கதை அங்கும் உண்டு. ஆயினும் கையையும் காலையும் பார்ப்பதை விட்டு, குளித்தாரா, உண்டாரா, வேலைக்குப் போனாரா என்று கேட்கும் கேள்வியை அரசு ஏடு ஒன்று எழுத்திற் பதித்தது. அஃது ஒரு முன்னேற்றம்.

புள்ளிகளின் நாடு

எமது மக்கள் பலர் புலம்பெயர்ந்து வாழும் பிரித்தானியாவில் இக்கேள்வி இன்னும் நுணுக்கமாகக் கேட்கப்படுகிறது. அங்கும் இது மேலிருந்து வழங்கப்பட்ட கொடையன்று. 1965இல், நரம்புநோயால் வலுவிழந்த இரண்டு இல்லத்தரசிகள் தொடங்கிய இயக்கம் ஒன்று, தொழிற்சாலையில் வேலை செய்யாதவர்களுக்கும் இயலாமைக்கான வருமானம் வேண்டும் என்று குரல் எழுப்பியது. வீட்டில் உழைக்கும் பெண்ணின் இயலாமை ஏன் கணக்கில் வரவில்லை என்பதே அவர்களுடைய கேள்வி. பள்ளிமுனைத் தாயின் கேள்வியும் அதுவே. 1970களில் வலது குறைந்தோரே அமைத்த சங்கம் ஒன்று, எம்மை முடமாக்குவது எம் உடலன்று, எம்மை விலக்கி வைக்கும் சமுதாயமே என்ற கருத்தை முன்வைத்தது. 1971இல் பராமரிப்புக் கொடுப்பனவும், 1992இல் இயலாமை வாழ்க்கைக் கொடுப்பனவும், 2013 முதல் இப்போதுள்ள தனிநபர் தற்சார்புக் கொடுப்பனவும் நடைமுறைக்கு வந்தன.

இந்தக் கடைசிக் கொடுப்பனவு நோயின் பெயரைக் கொண்டு பணம் தருவதில்லை. சமைத்தல், உண்ணல், சிகிச்சையைக் கவனித்தல், கழுவிக் குளித்தல், மலசலம் கழித்தல், உடுத்தல், பேசுதல், வாசித்தல், பிறரோடு பழகுதல், பணத்தைப் பற்றி முடிவெடுத்தல் என அன்றாடச் செயல்கள் பத்தைக் கொண்டு புள்ளியிடுகிறது. 8 புள்ளி பெற்றால் ஒரு தொகை. 12 பெற்றால் அதனினும் கூடிய தொகை. ஒரு செயலைச் செய்ய முடியும் என்றால் அதன் பொருள் என்ன என்பதையும் விதி வரையறுக்கிறது: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், வேண்டியபோதெல்லாம் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள் செய்தல் வேண்டும். நியாயமான நேரம் என்பது நோயற்ற ஒருவர் கூடிய அளவாக எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டாதது.

எண்ணச் சுழற்சி நோயாளருக்கு இந்த ஒரு விதி எத்துணைப் பெரிய துணை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அவரால் குளிக்க முடியும். ஆனால் மூன்று மணி நேரமாகும். சமைக்க முடியும், ஆனால் சோறு வேகுமுன் பிள்ளை பசியோடு பாடசாலைக்குப் போய்விடும். முடியுமா, முடியாதா என்று மட்டும் கேட்டால் அவர் முடியும் என்றே நேர்மையாகச் சொல்வார், உதவியையும் இழப்பார். எவ்வளவு நேரத்தில் என்று கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. 1989இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு இன்று உலகெங்கும் வைத்தியர்கள் கையாளும் நோயளவுகோலின் முதற் கேள்வியும், நாளுக்கு எத்தனை மணி நேரம் இவ்வெண்ணங்கள் உம்மைப் பிடித்துக்கொள்கின்றன என்பதே. உழைப்பை நேரத்தால் அளக்க வேண்டும் என்பது தொழிலாளர் இயக்கம் உலகுக்குக் கற்பித்த பாடம். இந்நோயும் நேரத்தைப் பறிக்கும் நோயாதலால் அதே அளவுகோல் இதற்கும் பொருந்துகிறது.

ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு, நடைமுறை வேறு. புள்ளியிடும் வேலையை அங்கு இலாபம் கருதும் தனியார் கம்பனிகளிடம் அரசு ஒப்படைத்தது. 2016இல் ஐ.நா. குழு ஒன்று பிரித்தானியாவின் சமூக நலக் குறைப்புகளை விசாரித்து, வலது குறைந்தோரின் உரிமைகள் பாரதூரமாகவோ முறைமையாகவோ மீறப்பட்டுள்ளன என்று கண்டது. 2017இல், உள அச்சத்தால் வெளியே செல்ல இயலாதோருக்குப் புள்ளி குறைக்கும் திருத்தம் ஒன்றை அரசு கொண்டுவந்தது. அதே ஆண்டின் இறுதியில் உயர் நீதிமன்றம் அது மனநோயாளருக்கு எதிரான பாகுபாடு எனத் தீர்ப்பளிக்க, அரசு 1.6 மில்லியன் கோப்புகளை மீளப் பார்க்க வேண்டியதாயிற்று. 2025இல், ஏதேனும் ஒரு செயலிலாவது 4 புள்ளி பெறாதோருக்கு அன்றாட வாழ்க்கைக்கான கொடுப்பனவு இல்லை என்ற முன்மொழிவு வந்தது. பல செயல்களில் இரண்டிரண்டு புள்ளியாகச் சேர்ப்போருள் மனநோயாளரும் உளர். அவர்களையும் அது தாக்கியிருக்கும். ஆளுங்கட்சி உறுப்பினர்களே கிளர்ந்தெழ, யூலை முதலாம் நாள் அரசு அதனைக் கைவிட்டது. அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது அளவுகோலைப் போன்றே முக்கியமானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எமது நாட்டில்

இலங்கையிற் சட்டமே இல்லை என்று சொல்லிவிட இயலாது. வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் ஆற்றலிலோ உள ஆற்றலிலோ உள்ள குறைபாட்டின் காரணமாக, வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவுசெய்துகொள்ள இயலாத எவரையும் தன்னுள் அடக்குகிறது. உள ஆற்றல், பகுதியாக என்னும் இரு சொற்களையும் எமது வாசகர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். பதினொரு முறை அரிசி களையும் தாய்க்கு அவ்விரு சொற்களிலும் இடமுண்டு. 2005இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. வலது குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் 2007இல் ஒப்பமிட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிசெய்தது. நீண்டகால உளக் குறைபாடும் அவ்வுடன்படிக்கையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கொடுப்பனவும் உண்டு. வறிய வலது குறைந்தோருக்கு முன்னர் மாதம் 3000 ரூபாவாக இருந்தது பின்னர் 5000 ஆயிற்று. 2023இல் அஸ்வெசும திட்டம் தொடங்கிய பின் 7500 ஆகவும், 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆகவும் உயர்ந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னுள்ள விலைவாசியில் இது பெருந்தொகையன்று. எனினும் கடலுக்குப் போகாத நாள்களை ஈடுசெய்யவும், மகளைப் பாடசாலைக்கு அனுப்பவும், வைத்தியசாலைக்குப் போய்வரவும் அது உதவும்.

குறை எங்கே இருக்கிறது? அன்றாடச் செயல்களை, அவற்றுக்குச் செலவாகும் நேரத்தை, பிறர் தரும் உதவியைக் கேட்டறியும் பொதுவான அளவுகோல் ஒன்று மக்கள் அறியும்படி நடைமுறையில் இல்லை. சட்டம் உள ஆற்றல் என்கிறது. மேசையில் இருப்பவர் கையையும் காலையும் பார்க்கிறார். அஸ்வெசும குடும்பங்களை 22 சுட்டிகளால் அளக்கிறது. வீடு, சொத்து, மின்சாரம், கல்வி எல்லாம் அதில் உண்டு. ஒரு தாய் அடுப்படியிற் சிறைப்பட்டிருக்கும் மணித்தியாலங்களுக்கு அதிற் சுட்டி இல்லை.

இந்நிலை மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுதுவோருக்கு உதவக்கூடியவர்கள் எமது வாசகர்களான ஆசிரியர்களும் மாணவர்களுமே. நோயின் பெயரை மட்டும் எழுதி அனுப்புவது போதாது. ஒரு கிழமைக்கு நாட்குறிப்பு எழுதச் செய்யுங்கள்: எழுந்தது எத்தனை மணி, குளிக்க எவ்வளவு நேரம், சமையல் எப்போது முடிந்தது, எத்தனை முறை திரும்பச் செய்தார், யார் உதவினார், உதவியவர் எதனை இழந்தார். நல்ல நாளை மட்டும் எழுதாமல் பெரும்பாலான நாள்களை எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு வைத்தியரிடம் செல்லுங்கள். நோயின் பெயரோடு அன்றாட வாழ்வில் அது விளைக்கும் தடையையும் சான்றில் எழுதும்படி கேளுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு மேன்முறையீடு செய்யுங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணத்தை அம்மேன்முறையீட்டிற் குறிப்பிடுங்கள்.

வகுப்பறையிலும் கண் திறந்திருக்க வேண்டும். இந்நோய் பலருக்குப் பிள்ளைப் பருவத்திலும் பதின்வயதிலுமே தலைகாட்டுகிறது. எழுதிய வரியை அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை எழுதும் மாணவனை நாம் சோம்பேறி என்கிறோம். சோதனையில் ஒரு பக்கத்தைத் தாண்டாதவனை மந்தன் என்கிறோம். அவனுடைய கையும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த உத்தியோகத்தரைக் குறைகூறுமுன், அதே கேள்வியை நாமும் கேட்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

போரும் இடப்பெயர்வும் மாறி மாறி அலைக்கழித்த கரை இது. 1990இன் பின் வீடிழந்து, திரும்பி வந்தும் சொந்தக் காணிக்காக நீதிமன்றம் ஏறியவர்கள் பள்ளிமுனை மக்கள். உரிமை கேட்பது அவர்களுக்குப் புதிதன்று. காணியை எல்லை போட்டுக் காட்டலாம், உறுதி காட்டலாம். மனத்துள் இழந்த பொழுதுகளுக்கு உறுதி ஏது? அதனை எழுதித் தருவதே படித்தவர் கடமை என்று நாம் கருதுகிறோம்.

அத்தாயின் நாட்குறிப்பை மூத்த மகளே எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதல் நாள் பக்கத்தில் அரிசி களைந்ததற்கு மட்டும் ஐம்பது நிமிடம் என்று குறித்திருக்கிறாள். மன்னார் வைத்தியசாலையில் தாய்க்குச் சிகிச்சையும் ஆரம்பமாகியுள்ளது. புதிய விண்ணப்பம் இம்மாதம் போகிறது. அதன் முகப்பில் உதவி கோரல் என்று எழுத வேண்டாம், உரிமை கோரல் என்று எழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம்.